சுவரில் தடம் படாமல் ஒரு கேமரா

வசந்த். வயது இருபத்தாறு. இருப்பிடம் சிங்கப்பூர், கப்பல் பட்டறைத் தொழிலாளர் விடுதி, சன்னலோரக் கட்டிலின் மேல்தட்டு.

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். கறம்பக்குடிக்கு வெளியே இருக்கும் வெண்முத்து நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் யார் எதைச் சொல்வதானாலும் பெயர், வயது, இருப்பிடம் மூன்றையும் முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாத செய்தியைச் சங்கம் படிக்காது. குரல் பதிவும் கூடாது. தலைவருக்கு ஒரு காது மந்தம். வசந்துக்கோ பகல் முழுக்க வெல்டிங் பிடித்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கும். அவன் தொட்டால் போன் திரைக்கே உறைக்காது. ஆகவே அவன் வாயால் சொல்வான், போன் எழுதிக்கொள்ளும். அன்று அவன் சொன்னது இது:

"எங்க அக்கா பிரகதீஸ்வரி, ரெண்டாவது தெரு, கடைசி வீடு. தையல் தச்சுக்கிட்டுத் தனியா இருக்கு. அதோட வீட்டுக்காரரு திருப்பதி, அவரு வேணாம்னுதான் அக்கா பிரிஞ்சு வந்துச்சு, இன்னைக்குக் காலையில வந்து அக்கா தலையச் சன்னல் கம்பியில மோதியிருக்காரு. ஒரு பல்லு போயிருச்சு. போலீசுல போயிச் சொன்னா வீடியோ இருக்கான்னு கேக்குறாங்க. அதனால சன்னல்ல சின்னதா ஒரு கேமரா மாட்டிக்கிறோம். அனுமதி குடுங்க."

சங்கச் செயலாளர் பிளெஸ்ஸியிடமிருந்து உடனே பதில் வந்தது. "கம்பியில் இரத்தம் பட்டதா? பட்டிருந்தால் துடைக்கப்பட்டதா?"

வசந்த் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டான். துடைத்துவிட்டதாக அக்கா சொன்னாள், பல் போன வாயால். அதைக் குழுவில் சொன்னான். ஏழெட்டுப் பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

வெண்முத்து நகரைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. சுற்று வட்டாரத்தில் எந்தச் சுவரை எடுத்துக்கொண்டாலும் காதுகுத்து போஸ்டர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கட்சி விளம்பரம், எச்சில் என்று கிடக்கும். வெண்முத்து நகரில் மட்டும் உள்சுவரும் வெளிச்சுவரும் பால் போல இருக்கும். சுவரில் கறை, கீறல், துளை மூன்றும் கூடாது என்பதுதான் சங்கத்தின் சட்டம். வாடகைக்கு வருகிறவர்கள் சாமி படத்தைக்கூடத் தரையில்தான் சாய்த்து வைப்பார்கள். வருசா வருசம் சிமெண்டு வியாபாரிகள் கூடி நடத்தும் விழாவில் மாசில்லாச் சுவருக்கான வெள்ளிக் கரணை விருது இவர்களுக்குத்தான் வரும். அதை வாங்கப் போகும்போது தலைவர் அன்புமொழி பட்டு வேட்டி கட்டுவார்.

அன்புமொழி பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வந்து சுவர் என்று ஆரம்பித்தாலும் அவர் சித்தன்னவாசலில்தான் போய் நிற்பார்.

"சித்தன்னவாசல்ல என்ன இருக்கு? சுவரு இருக்கு. ஆயிரம் வருசமா எவனும் கை வைக்காம வச்சிருக்கான். அதனாலதான் டிக்கெட்டுப் போட்டு உள்ள விடுறான். நம்ம சுவத்துக்கும் ஒருநா டிக்கெட்டுப் போடுவாங்க, பாத்துக்கிட்டே இருங்க."

"அங்க சுவத்துல படம்ல வரைஞ்சிருக்கு தலைவரே?" என்று எதிர்வீட்டுச் செவந்தி ஒருமுறை கேட்டுவிட்டாள். இட்லி மாவு அரைத்து விற்கிறவள். வாய் சும்மா இருக்காது.

"அது அந்தக் காலத்துக் குத்தம்மா. சங்கம் இல்லாததால நடந்து போச்சு."

ஊருக்கு வந்த ஒரு கூட்டாளி கையில் வசந்த் கேமராவைக் கொடுத்தனுப்பினான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அங்கே நடப்பது இவன் போனில் தெரியும். இவன் பேசினால் அங்கே கேட்கும். இருபுறமும் ஒட்டும் டேப்பால் அக்கா அதைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். "அக்கா, கேக்குதா?" என்றான் வசந்த். அக்கா திடுக்கிட்டுத் திரும்பி, வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள். ஆத்தா, அப்பன் இருவரும் போன பிறகு அவனுக்கு இருக்கிற ஒரே முகம் அது. போனிடம் சொல்லித் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

அந்தச் சந்தோசம் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் நின்றது. தலைவர் பூதக்கண்ணாடியோடும் செயலாளர் டார்ச்சோடும் வந்துவிட்டார்கள். வசந்த் எல்லாவற்றையும் கேமரா வழியாகவே பார்த்தான். தலைவரின் கண் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் பணியாரம் அளவுக்கு இருந்தது.

"டேப்பு ஒட்டியிருக்கு" என்றார் கண்.

"சுவத்துல இல்லைங்களே சார், கண்ணாடியிலதான" என்றாள் அக்கா.

"அம்மா, சன்னல்னா என்ன? சுவத்துல சுவரு இல்லாத எடம். சுவரு இல்லாத எடத்தச் சுவத்தவிடப் பத்திரமாப் பாத்துக்கணுமா, வேணாமா? ஆக, சன்னலும் சுவருதான்."

அக்காவுக்குத் தாடை வலி. மேற்கொண்டு பேச முடியவில்லை. அதைச் சங்கம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. பிளெஸ்ஸி கத்தியால் டேப்பைச் சுரண்டினார். சுரண்டியதில் கண்ணாடியில் ஒரு கோடு விழுந்தது. "பாருங்க, கீறல் வேற போட்டிருக்கீங்க" என்று கண்டித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பதி வந்தான். போர்வெல் வண்டி டிரைவர்; கையெல்லாம் இரும்பு. இந்தத் தடவை உள்ளே வரவில்லை. தெருவில் பைக்கை நிறுத்தி, சாலையில் கிடந்த ஜல்லிக்கல்லில் தோதானதாக ஒன்றைப் பொறுக்கி, குறி பார்த்து எறிந்தான். கண்ணாடி தூள் தூளாகி, கல் நேரே போய்த் தையல் மெசினில் உட்கார்ந்திருந்த அக்காவின் தோள்பட்டையில் இறங்கியது. அக்கா மெசினோடு சாய்ந்தாள். ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. திருப்பதி பைக்கில் ஏறி, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிப் போனான்.

சங்கம் உடனே வந்தது. தலைவர் சன்னலைச் சுற்றியிருந்த சுவரை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு பொடி உதிரலயே!" என்றார். "நான் பொதுப்பணியில காலம் பூரா இருந்தவன். ஒரு ஆணி அடிக்கச் சொன்னா கான்ட்ராக்டரு பாதிச் சுவத்த உதுத்துருவான். இந்தத் தம்பி இம்புட்டுத் தூரத்துலருந்து எறிஞ்சும் சுவத்துல படாம உள்ள கொண்டுபோயிருக்காரு. கையில ஒரு சுத்தம் இருக்குய்யா."

"அந்தச் சுத்தம் ஈஸ்வரி தோள்ல வீங்கிப்போயி நிக்குதே, அத யாரு தடவிப் பாக்குறது?" என்றாள் செவந்தி. அக்காவின் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"செவந்தி, நீங்க போன மாசம் வாசச் சுவத்துல மாவு சிந்துனத நாங்க இன்னும் மறக்கல" என்றார் பிளெஸ்ஸி.

கண்ணாடி போனதில் சங்கத்துக்கு வருத்தமில்லை. டேப் ஒட்ட இனி இடம் இல்லையே.

வசந்த் விடுதிக் கட்டிலில் படுத்து, தடம் விடாமல் கேமரா மாட்டுவது எப்படி என்று போனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். துணி காயப்போடும் கிளிப்பில் பழைய துணியைச் சுற்றி, சன்னல் கம்பியில் கேமராவைக் கவ்வ வைக்கச் சொன்னான். அக்கா அப்படியே செய்தாள். டேப் இல்லை, ஆணி இல்லை, கீறல் இல்லை. பூதக்கண்ணாடிக்கு ஒன்றும் சிக்கவில்லை. தலைவர் போகத் திரும்பினார். திரும்பியவர் உள்சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அது என்ன?"

சன்னல் வழியாக விழுந்த வெயிலில், வெள்ளைச் சுவரில், கேமராவின் நிழல் சின்னக் கட்டமாகக் கிடந்தது.

"நிழலு சார்" என்றாள் அக்கா.

"கறுப்பா இருக்கா?"

"இருக்கு."

"சுவத்துல இருக்கா?"

"இருக்கு சார், ஆனா..."

"கறுப்பா சுவத்துல இருக்குறதுக்குப் பேரு என்னம்மா?" தலைவர் பெருமூச்சு விட்டார். "நாங்க ஒன்னும் கல் மனசுக்காரங்க இல்ல. வெயில் இருக்குறப்பக் கழட்டி வையுங்க. வெயில் தாழ்ந்த பொறவு மாட்டிக்கங்க. இதவிட ஒரு சங்கம் எறங்கி வர முடியாது."

எதிரே டீக்கடையில் திருப்பதி உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். தலைவர் போகிற வழியில் அவனிடமும் விசயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனார். யாருக்கும் மறைக்கிற பழக்கம் சங்கத்துக்குக் கிடையாது.

அதிலிருந்து திருப்பதி நல்ல வெயிலில் வரத் தொடங்கினான்.

அப்படி வந்த ஒரு மத்தியானத்தில் அக்காவின் இடது கையை மெசின் பலகையில் வைத்து, விறகு ஒடிக்கிற மாதிரி ஒடித்தான். சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டது என்றாள் செவந்தி. கட்டுப் போட்டுக்கொண்டு அக்கா மறுபடி போலீசுக்குப் போனாள். "கேமரா மாட்டுனீங்கதான, வீடியோ எங்கம்மா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். "வெயிலா இருந்துச்சு சார்" என்றாள் அக்கா. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

வசந்த் லீவு கேட்டான். கப்பல் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் என்றார்கள். சங்கத்திடம் பொதுக்கூட்டம் கேட்டான். அது கிடைத்தது. சங்கத்துக்குக் கூட்டம் என்றால் உயிர்.

சங்கக் கட்டடத்து முற்றத்தில் சாமியானா போட்டு நடந்தது. செவந்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வசந்த் கப்பலின் வயிற்றுக்குள், சாப்பாட்டு இடைவேளையில், தலைக்கவசத்தோடு உட்கார்ந்து பார்த்தான். முதல் வரிசையில் அக்கா, தூளியில் தொங்கும் கையோடு. அவளுக்கு நாலு நாற்காலி தள்ளித் திருப்பதி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் விபூதி.

பிளெஸ்ஸி முதலில் பேசினார்.

"நான் காலமெல்லாம் நர்ஸா இருந்தவ. எத்தனையோ கை காலு ஒடிஞ்சு வந்து பாத்திருக்கேன். ஒடம்ப ஆண்டவரு அப்படிப் படைச்சிருக்காரு, அதுவாக் கூடிக்கிரும். தோலு அதுவா மூடிக்கிரும். பல்லுகூடக் கட்டிக்கலாம். ஆனா சுவத்துல ஒரு ஆணி அடிச்சா அந்த ஓட்டை அதுவா மூடுமா? இத்தனை வருச அனுபவத்துல ஒரு சுவரு தானா ஆறி நான் பாத்ததில்ல. ரெண்டுல எதுக்கு நாம காவல் இருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

கைதட்டல். அடுத்து, எதிர்த்தரப்பையும் கேட்பதுதான் நியாயம் என்று தலைவர் திருப்பதியை அழைத்தார். அவன் மைக்கை வணங்கிவிட்டு நின்றான்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கோவக்காரந்தான், இல்லேங்கல. ஆனா சங்கத்து மேல மரியாத உள்ளவன். அவள அடிக்கிறதா இருந்தாக்கூட நடு வீட்டுக்கு இழுத்தாந்துதான் அடிப்பேன். சுவத்துப் பக்கமே போறதில்ல. செருப்ப வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள போறேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்னு நீங்கதான் சொல்லணும்."

"தலையக் கொண்டுபோயிச் சன்னல் கம்பியில மோதுனியேடா!" என்று செவந்தி கத்தினாள். போன் ஆடியது. "சன்னலும் சுவருதான்னு தலைவருதான் சொன்னாரு!"

கூட்டம் தலைவரைப் பார்த்தது. தலைவர் கண்ணை மூடி யோசித்தார்.

"கேமராவுக்கு அது சுவரு" என்றார். "தலைக்கு அது சன்னல்."

இவ்வளவு சிக்கலை இவ்வளவு சுருக்கமாகத் தீர்த்ததற்காகக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பிறகு தலைவர் தீர்மானத்தைச் சொன்னார்.

"கேமராவுக்குச் சங்கம் எதிரி இல்ல. கேமரா எதப் பாக்கணும்கிறதுதான் பிரச்சனை. மனுசங்களப் பாக்குற கேமராவால என்ன பிரயோசனம்? மனுசன் இன்னைக்கு இங்கிட்டு இருப்பான், நாளைக்கு அங்கிட்டுப் போவான். சுவரு நிக்கும். அதனால கேமரா சுவத்தப் பாக்கட்டும். சன்னல் திண்டுல ஒரு டம்ளர்ல மணல் நெரப்பி அதுல நட்டு வச்சா, நிழலு எட்டாது, தடமும் விழாது. சுவத்துல எதாச்சும் பட்டா எங்க நிர்வாகிங்க போன் அத்தனையிலயும் சைரன் அடிக்கணும். வாரம் ஒருக்கா ஆள் போயிச் சோதிக்கணும். அந்த வீட்டுச் சுவத்துகிட்டயே பொழங்கியும் இதுவரைக்கும் ஒரு தடம் விடாதவரு நம்மள்ல ஒருத்தருதான். சுவர்க் காப்பாளரா தம்பி திருப்பதிய நியமிக்கிறோம்."

வசந்த் போனுக்குள் கத்தினான். செவந்தியும் கத்தினாள். சாமியானாவில் ஸ்பீக்கர் சத்தம் அதிகம். அக்கா மட்டும் கத்தவில்லை. அவள் திருப்பதியைப் பார்த்தாள். அவன் கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, வேற வீடு பாக்குறேண்டா" என்றாள் பிறகு. "தனியா இருக்குற பொம்பளைக்குக் குடுக்க யோசிக்கிறாக. அமையுற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிறேன். இருக்குற பல்ல."

கேமராவைத் திருப்பதியே நட்டான். சில்வர் டம்ளரில் மணல் நிரப்பி, குத்தி, நேராக நிறுத்தி, வேட்டி நுனியால் திண்டைத் துடைத்தான். வசந்தின் திரையில் எதிர்ச் சுவர் வந்து உட்கார்ந்தது. மூலையிலிருந்து மூலை வரை வெள்ளை. அதற்குக் கீழே அக்கா நடப்பதோ, தைப்பதோ, படுப்பதோ தெரியாது. சுவர்தான். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் எட்டிப் பார்த்து, "என்னடா, போன் போச்சா?" என்று கேட்டான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வசந்துக்கு வேலை இல்லை. விடிந்ததிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டைப்பட்டினத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் ஹனீபா பாயின் ஹாரன் கேட்டது. அக்கா நெத்திலி பேரம் பேசுவது கேட்டது. அடுக்களை என்று தனியாக இல்லாத வீடு. புளி கரைப்பதும் தாளிப்பதும் வரிசையாகக் காதில் விழுந்தன. குழம்பு கொதிக்கிற சத்தத்தில் அவனுக்கே பசித்தது. பிறகு செருப்பைக் கழற்றுகிற சத்தம்.

"சோதனை" என்றான் திருப்பதி. கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது.

திரையில் வெள்ளை.

முக்காலி விழுந்தது. அக்கா "வேணாம், கை கூடல இன்னும்" என்றாள். பிறகு ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. மெசின் சக்கரம் தானாகச் சுற்றி நின்றது. எதையோ தரையில் இழுத்துக்கொண்டு நடு வீட்டுக்கு வருவது கேட்டது. அந்த எதையோவிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மச்சான், விடுங்க மச்சான்!" என்று வசந்த் கேமரா வழியாகக் கெஞ்சினான்.

திருப்பதியின் குரல் கேமரா பக்கம் வந்தது. "என்ன மச்சினா, வெள்ள நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

வசந்த் குழுவைத் திறந்து வாயில் வந்ததைச் சொன்னான். "அக்காவக் கொல்றான், யாராச்சும் போங்க, கதவ ஒடைங்க, கால்ல விழுறேன்." பிளெஸ்ஸியிடமிருந்து பதில்: "பெயர், வயது, இருப்பிடம் இல்லை." வசந்த், இருபத்தாறு, சிங்கப்பூர் என்று அலறினான். போன் அதை அமைதியாக எழுதியது. தலைவர் எழுதினார்: "காப்பாளர் பணியில் இருக்கிறார். ஆய்வுக்கு இடையூறு செய்ய வேண்டாம். தவிர, குடும்ப விசயம்."

செவந்தி மட்டும் வந்து கதவை உதைப்பது கேட்டது. "டேய் திருப்பதி, தொறடா! நாசமாப் போறவனே, தொறடா!" கதவு தேக்கு.

அப்போது திரையில், சுவரின் மேல் மூலையிலிருந்து ஒரு பல்லி வந்தது. பாதிச் சுவர் வரை ஓடி நின்று, வாலை ஆட்டியது.

நகரெங்கும் சைரன் அடித்தது. வசந்துக்கே கேட்டது. தெருவில் தடதடவென்று கால்கள். ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது, சன்னலுக்கு வெளியே தலைவரின் மூச்சிரைப்பு.

"என்ன ஆச்சு? சுவத்துல என்ன?"

"பல்லி தலைவரே" என்றான் திருப்பதி. அவனுக்கும் மூச்சிரைத்தது.

"எச்சம் போட்டுச்சா?"

"இல்ல. போயிருச்சு."

"அப்பாடி." கூட்டமே மூச்சு விட்டது. அக்கா அப்போது சன்னலுக்கு நேரே கீழே தரையில் கிடந்ததாகவும், தலைவர் எட்டி அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்ததாகவும் செவந்தி பிறகு சொன்னாள். கால்கள் திரும்பிப் போயின. ஈரத்துணிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

வசந்த் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். தலை மேல்கூரையில் இடித்தது, தெரியவில்லை. பல்லிக்கு ஓடி வந்தவர்கள். போனை வாயோடு வைத்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

"அக்கா! சுவத்துல எறி! கொழம்பத் தூக்கிச் சுவத்துல எறிக்கா!"

ஈரத்துணிச் சத்தம் நின்றது. சங்கத்தைத் தெரிந்த யாருக்கும் அப்படி ஒரு யோசனை வந்ததில்லை. திருப்பதிக்கே புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்காவுக்கு அந்த நேரமும் பிடிக்கவில்லை. அவள் அடுப்புப் பக்கம் உருளுவது கேட்டது. ஒற்றைக் கையால் சட்டியை இழுப்பது கேட்டது.

வெள்ளைத் திரையில் நெத்திலிக் குழம்பு வந்து விழுந்தது.

ஒரு பெரிய சிவப்புப் பூ விரிந்து, ஓரங்களில் வழிந்தது. நெத்திலிகள் ஒவ்வொன்றாகச் சறுக்கின. கொதிக்கிற குழம்பில் பாதி திருப்பதி மேல் பட்டிருக்க வேண்டும். மாடு மாதிரி கத்தினான். எண்ணெயில் கால் வழுக்கி, விழாமல் இருக்கக் கையை நீட்டினான். வசந்தின் திரையில் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்து, அப்படியே கீழ் நோக்கி இழுபட்டன.

சைரன்.

அத்தனை நேரம் உதைத்தும் அசையாத தேக்குக் கதவை மூன்றாம் இடியில் கடப்பாரை பிளந்தது. வெண்முத்து நகரே உள்ளே புகுந்தது. தலைவர் சுவரைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த ஒலியை, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம்தான் கேட்டிருக்கிறான் வசந்த்.

"யாரு? யாரு செஞ்சா?"

அக்கா தரையில் கிடந்தபடியே விரலை நீட்டினாள். "காப்பாளரு கைதான் சார் அது."

திருப்பதியின் உள்ளங்கையில் குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வசந்த் பார்க்கவில்லை. கேமரா சுவரைத்தான் பார்த்தது. கேட்டான். வெள்ளையடிக்கும் கம்புகள், தலைவரின் கைத்தடி, யாரோ ஒருவரின் பெல்ட். "சங்கத்த ஏமாத்துனியேடா!" என்று ஒரு குரல் ஒவ்வொரு அடிக்கும் சொன்னது. "நடு வீட்டுக்கு இழுங்க, சுவத்துல தெறிக்கப் போகுது!" என்று பிளெஸ்ஸி பதறினார். இழுத்தார்கள். திருப்பதியின் முட்டி போகும் சத்தம், ஏற்கனவே ஒருமுறை செவந்தி சொன்ன சத்தம்தான் என்று வசந்துக்குத் தோன்றியது. திருப்பதி அழுதான். போலீசைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினான். "வீடியோ இருக்கு, கவலப்படாத" என்றார் தலைவர்.

பிறகு பிளெஸ்ஸியின் முதுகு திரையில் தெரிந்தது. மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, சுவரை ஒற்றி ஒற்றி எடுத்தார். "வலிக்காம செய்யுங்க" என்றார் தலைவர் தழுதழுத்து. அக்காவைச் செவந்திதான் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போட்டாள். தலையில் தையல், கையில் மறுபடி கட்டு.

திருப்பதி மேல் வழக்குப் போட்டார்கள். சுவரைச் சேதப்படுத்திய வழக்கு. அக்கா கொடுத்த புகாரைப் போலீசில் தனியாக வைத்திருக்கிறார்கள். வீடியோவில் சுவர்தான் தெரிகிறது என்பதால். குழம்பு கழுவினால் போகிற பொருள் என்று திருப்பதியின் வக்கீல் சொல்கிறாராம். ஆஸ்பத்திரியிலிருந்தே அவன் அக்காவுக்குச் சொல்லியனுப்பினான். "கால ஊனி நடக்க வரட்டும், வாரேன்."

ஆனால் அக்கா இந்த நாட்களில் இருந்த மாதிரி நிம்மதியாக எப்போதும் இருந்ததில்லை. கறையை ஆற்றுவதற்கு அறந்தாங்கியிலிருந்து கைதேர்ந்த கொத்தனார் வர வேண்டும். அதுவரை கறை பரவாமல் பார்த்துக்கொள்ள, நிர்வாகிகள் முறை போட்டுக் கம்புகளோடு வந்து சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் எந்நேரமும் நாலு பேர். அக்கா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கதவை விரியத் திறந்து வைத்துத் தூங்குகிறாள். குறட்டை கேட்கிறது என்கிறாள் செவந்தி. கொத்தனார் நாளைக்கு வருகிறார். சுவர் வெளுத்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். வேறு வீடு இன்னும் அமையவில்லை. கப்பல் இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை.

அக்காவே தினம் ஒரு சட்டியை எறிய முடியாது. அவள்தான் என்று கண்டுபிடித்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். ஆகவே வசந்த் இன்று போனை எடுத்து, சங்கக் குழுவை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள், கபடி டீம், ஹனீபா பாய், மொய் எழுதிய வகையில் நம்பர் சேர்ந்தவர்கள் என்று இருக்கிற அத்தனை பேருக்கும் வாயால் சொல்லி அனுப்பினான்:

"இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரிங்க. கறம்பக்குடிப் பக்கம் வந்தீங்கன்னா வெண்முத்து நகர், ரெண்டாவது தெரு, கடைசி வீடு. சன்னல்ல கண்ணாடி இருக்காது. வெத்தல போடுறவங்களா இருந்தா ரொம்ப நல்லது. வெளிச் சுவத்துல ஒரு தடவ துப்பிட்டுப் போங்க."